வண்ணப் பழம் தரும் கொடி: வாசல் வேலிக்கு எதை வளர்க்கலாம்?

வைகைக்கரை (மதுரை)
ஜூன் 28, காலை 7.15

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு வாசலின் மேற்குப் பக்கம் பன்னிரண்டு அடி நீளத்துக்குக் கம்பிவேலி இருக்கிறது. மாலை நான்கு மணி வெயில் அதன் வழியாக நேரே திண்ணையில் விழுகிறது. அங்கே ஒரு கொடியை ஏற்றிவிட்டால் நிழலுக்கு நிழலும் ஆகும், கண்ணுக்கும் குளிர்ச்சியாக இருக்கும் என்று வெகுநாள் ஆசை.

மார்ச் மாதம் கைப்பேசியில் ஒரு படம் வந்தது. திராட்சை போன்ற இலை. ஒரே கொத்தில் வான்நீலம், ஊதா, இளம்பச்சை, வெள்ளை என்று மணிமணியாகப் பழங்கள். ஒவ்வொன்றின் மேலும் பொடிப்பொடிப் புள்ளிகள். பெயர் போர்சலீன் பெர்ரி என்று போட்டிருந்தது. அன்றிரவே ஓர் இணையக் கடையில் தேடிப் பிடித்து, 20 விதைகளை 349 ரூபாய்க்கு வாங்கிவிட்டேன்.

ஏப்ரலில் விதைத்தேன். பத்தாம் நாள் ஆறு முளைத்தன. இப்போது இரண்டடி உயரம். ஆனால் படத்தில் பார்த்த இலைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இலை தடிப்பாக, பளபளவென்று வெற்றிலை போல இருக்கிறது. தண்டு செந்நிறம். கிள்ளினால் வழவழவென்று சாறு வருகிறது. விதை கறுப்பாக, உருண்டையாக, மிளகைப் போல இருந்தது. மிச்சமிருக்கும் விதையின் படமும் கொடியின் படமும் இணைத்திருக்கிறேன்.

இது வளர வளர மாறுமா? இல்லை, இது வேறு கொடி என்றால், வண்ணப் பழம் தரும் கொடி எதை நான் நம்பி வைக்கலாம்? ஒன்று சொல்ல வேண்டும்: வீட்டில் நான்கு வயது மகள் இருக்கிறாள். பழத்தைக் கண்டால் பறிக்காமல் விடமாட்டாள்.

வேலியோரம் (புதுக்கோட்டை)
ஜூன் 28, காலை 9.40

அம்மா, எத்தனை மாதம் காத்திருந்தாலும் இது மாறாது. உங்கள் வேலியில் முளைத்திருப்பது கொடிப்பசலை, அதிலும் செந்தண்டு வகை. மிளகு போன்ற விதை, சதைப்பற்றான இலை, கிள்ளினால் வழவழப்பு, எல்லாம் அதையே காட்டுகின்றன. கீரைக்காரம்மாவிடம் ஒரு கட்டு வாங்கி, இலையை ஆய்ந்துவிட்டுத் தண்டை ஊன்றினாலே வளர்ந்துவிடும். அதைப் போய் இப்படி ஒரு பெயர் சொல்லி 349 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள் என்று நினைக்க எனக்கு வயிறு எரிகிறது.

ஆனால் கோபத்தில் கொடியைப் பிடுங்கிவிடாதீர்கள். நீங்கள் கேட்ட வண்ணப் பழம் அதிலும் உண்டு. இலைக் கணுவிலிருந்து ஒரு காம்பு நீளும். அதில் அரிசி அளவுக்கு வெள்ளையும் இளஞ்சிவப்புமாக மொட்டுகள் வரும். மலரும் மலரும் என்று காத்திருப்பீர்கள், அவை விரியவே விரியாது. மூடிய பூவே சதை பிடித்து, பச்சையாகி, பிறகு கருநீலப் பழமாகிவிடும். நசுக்கினால் கையெல்லாம் ஊதா. நான் ஊராட்சிப் பள்ளியில் படித்த காலத்தில் அதைப் பேனாவில் ஊற்றி எழுதியிருக்கிறோம். பசலை சமைக்கிற கீரை, பழத்தாலும் பிள்ளைக்கு ஆபத்தில்லை. வெள்ளையடித்த சுவரும் சட்டையும் மட்டும் ஜாக்கிரதை.

பனிநாட்டுத் தோட்டம் (நியூஜெர்சி)
ஜூன் 28, இரவு 8.05

வைகைக்கரை அக்கா, நீங்கள் படத்தில் பார்த்த கொடி எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரயில்பாதை நெடுகிலும் இருக்கிறது. செப்டம்பரில் பார்த்தால் மயங்கித்தான் போவீர்கள். ஒரே கொத்தில் மணிகள் வெவ்வேறு நேரத்தில் முற்றுவதால்தான் அத்தனை நிறங்கள். அழகில் பொய்யில்லை.

ஆனாலும் அது உங்களுக்குக் கிடைக்காமல் போனதில் எனக்கு மகிழ்ச்சிதான். அதன் தாய்மண் சீனா, கொரியா, ஜப்பான் பக்கம். 1870களில் தோட்ட அழகுக்காக அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார்கள். பறவைகள் பழத்தைத் தின்று, காடுகளிலும் ஆற்றங்கரையிலும் விதையைப் போட்டன. இன்று கிழக்குக் கடற்கரை மாநிலங்களில் மரங்களின் மேல் போர்வை போலப் படர்ந்து, வெளிச்சமே கீழே விழாமல் செய்துவிடுகிறது. நியூயார்க் மாநிலத்தில் இதை விற்பதற்கே தடை இருக்கிறது. வார இறுதியில் பூங்காவைச் சுத்தம் செய்யும் குழுவோடு போய் நான் இதைப் பிடுங்கியிருக்கிறேன். இளங்கொடி என்றால் வந்துவிடும். நாலைந்து வருடக் கொடியின் வேரைத் தோண்டுவதற்குள் முதுகு ஒடிந்துவிடும். கொஞ்சம் வேர் தங்கினாலும் அடுத்த வசந்தத்தில் மறுபடி துளிர்த்துவிடும்.

இன்னொன்று. உண்மையான விதை திராட்சை விதை போல ஒரு பக்கம் கூராக இருக்கும். இரண்டு மூன்று மாதம் ஈரக்குளிரில் கிடந்த பிறகுதான் ஒழுங்காக முளைக்கும். ஏப்ரல் மாத மதுரையில் பத்தே நாளில் முளைத்தது என்று படித்ததுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

வெளிநாட்டு விதையை இணையத்தில் வாங்கும் எல்லாருக்கும் சொல்கிறேன்: இறக்குமதி அனுமதியும் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் இல்லாமல் இந்தியாவுக்குள் விதை வரக்கூடாது என்பது சட்டம். 2020இல் இங்கே அமெரிக்காவில் கேட்காமலே தபாலில் விதைப் பொட்டலங்கள் வந்தபோது, விதைக்காதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள் என்று வேளாண் துறை அறிவித்தது. எந்த விதையோடு எந்த நோய் வரும் என்று யாருக்குத் தெரியும்?

வைகைக்கரை (மதுரை)
ஜூன் 29, காலை 6.50

இருவருக்கும் மிக்க நன்றி. கடைக்காரர்களுக்கு எழுதினேன். "இயற்கையான வேறுபாடு" என்று ஒரு வரிப் பதில் வந்தது. அதை விட்டுவிட்டேன். பசலை இருக்கட்டும், வளர்க்கிறேன்.

ஆனால் என் மனதில் இருப்பது தூரத்திலிருந்தே தெரியும் நிறம். தெருவில் வருபவர் நின்று பார்க்கும்படி சிவப்போ மஞ்சளோ வேண்டும். நம் மண்ணில் அப்படி என்னென்ன கொடிகள் இருக்கின்றன?

முற்றத்து மல்லிகை (யாழ்ப்பாணம்)
ஜூன் 29, மாலை 5.30

சிவப்பு என்றால் குண்டுமணிக்கு நிகர் எது? நீங்கள் குன்றிமணி என்பீர்கள். புளியிலை போன்ற மெல்லிய இலை, வேலிக்குப் பாரமே இல்லை. நெற்று காய்ந்து முறுக்கிக்கொண்டு வெடித்ததும், உள்ளே வரிசையாகச் சிவப்பு மணிகள், ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்புக் கண். உதிராமல் பல வாரம் அப்படியே கொடியில் நிற்கும். எங்கள் அம்மம்மா வீட்டு வேலியில் கிளுவை மரத்தின் மேல் ஏறிக் கிடந்தது. மழை ஓய்ந்த காலையில் அந்த வேலியைப் பார்த்தால் குங்குமம் தெளித்ததுபோல இருக்கும். நாங்கள் பொறுக்கிச் சேர்த்துப் பல்லாங்குழி விளையாடுவோம்.

மூலிகைத்திண்ணை (தஞ்சாவூர்)
ஜூன் 29, இரவு 9.20

நான் சித்த மருத்துவம் பார்ப்பவள். நான்கு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டுக்குக் குன்றிமணியைச் சொல்வதை நான் கடுமையாக மறுக்கிறேன். முற்றத்து மல்லிகை அக்கா தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த மணிக்குள் அப்ரின் என்ற நஞ்சு இருக்கிறது. ஆமணக்கு விதையில் இருக்கும் ரிசினின் குடும்பம். முழுதாக விழுங்கினால் ஓடு கடினமாக இருப்பதால் பல நேரம் அப்படியே வெளியேறிவிடும், அதனால்தான் "நாங்கள் சின்ன வயதில் விளையாடினோம், ஒன்றும் ஆகவில்லையே" என்று பலர் சொல்கிறார்கள். கடித்தாலோ, ஊசியால் துளைத்த மணியை வாயில் வைத்தாலோ கதை வேறு. இதற்கு மாற்று மருந்து கிடையாது. அறிகுறி தெரியவே பல மணி நேரம், சில சமயம் ஒரு நாளுக்கு மேலும் ஆகும். பிள்ளை மென்றுவிட்டது என்று சந்தேகம் வந்தால் வாந்தி வரட்டும் என்று காத்திராமல் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

2011இல் இங்கிலாந்தில் குன்றிமணி கோத்த கைவளைகளை விற்றவர்களே அறிவிப்புக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். நாமோ இன்றும் களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைத்துவிட்டு, மறுநாள் அந்த இரண்டு மணி எங்கே விழுந்தது என்று தேடுவதில்லை.

மருந்தில் சேர்க்கும்போது நஞ்சை நீக்க எங்களவர்கள் எத்தனை சுத்தி முறை வைத்திருக்கிறார்கள் தெரியுமா? அந்தச் சுத்தி முறைகளே அதன் நஞ்சுக்குச் சாட்சி.

முற்றத்து மல்லிகை (யாழ்ப்பாணம்)
ஜூன் 30, காலை 6.10

தவறாக எடுக்கவில்லை. கடித்தால்தான் ஆபத்து என்பது எனக்குத் தெரியும், ஊசியால் துளைத்த மணி பற்றித் தெரியாது. நாங்கள் மாலை கோத்திருக்கிறோம். பிள்ளை வளரும் வரை வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊர் வேலியில் நிற்கும் கொடியைத் தேடிப்போய் வெட்டச் சொல்லாதீர்கள். அது அங்கேயே இருக்கட்டும்.

மூலிகைத்திண்ணை (தஞ்சாவூர்)
ஜூன் 30, காலை 8.00

வெட்டச் சொல்லவே மாட்டேன் அக்கா. தட்டான் தராசில் பொன்னை நிறுத்த மணி அது. அதை மதிக்கிறேன்.

மட்டுறுத்துனர்
ஜூன் 30, காலை 11.00

குன்றிமணி விதை கேட்டும் கொடுத்தும் தனிச்செய்தி அனுப்பும் உறுப்பினர்கள் கவனத்துக்கு: வீட்டில் சிறு பிள்ளைகளோ ஆடு மாடோ உண்டா என்று கேட்காமல் விதை அனுப்ப வேண்டாம். மூலிகைத்திண்ணை எழுதியதை இழையின் முகப்பில் பொருத்தியிருக்கிறோம்.

வேலியோரம் (புதுக்கோட்டை)
ஜூன் 30, பகல் 1.30

என் பங்குக்கு இரண்டு கொடிகளைச் சொல்கிறேன்.

முதலாவது ஐவிரலி. சிலர் சிவலிங்கக்கொடி என்பார்கள். ஐந்து விரல் விரித்த கை போன்ற இலை. காயைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கண்ணாடிக் கோலிக்குண்டு அளவில் பச்சை உருண்டை, அதன் மேல் சுண்ணாம்பில் தோய்த்த ஈர்க்கால் இழுத்ததுபோல வெள்ளைக் கோடுகள். முற்றும்போது பச்சை மட்டும் சிவப்பாக மாறும், வெள்ளைக் கோடுகள் அப்படியே நிற்கும். ஒரே கணுவில் பச்சையும் சிவப்பும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். ஆண்பூவும் பெண்பூவும் ஒரே கொடியில் வருவதால் ஒரு விதை போதும். நாற்பது வருடமாக வேலிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இதைவிட வடிவான காயைக் கண்டதில்லை.

இரண்டாவது கோவை. அதற்கு நாளை விரிவாக எழுதுகிறேன், அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது.

மூலிகைத்திண்ணை (தஞ்சாவூர்)
ஜூன் 30, பகல் 3.10

ஐயா, ஐவிரலி அழகு என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதன் பழத்தையும் நஞ்சு என்றே வைத்துக்கொள்ள வேண்டும். குன்றிமணி அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை என்றாலும், கோலிக்குண்டு போல இருக்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள், நான்கு வயதுப் பிள்ளை அதை வைத்து என்ன செய்யும்? இன்னொரு பயமும் உண்டு. இளங்காயாக இருக்கும்போது அதற்கும் கோவைக்காய்க்கும் ஒரே பச்சை, ஒரே வெள்ளை வரி. கோவை நீண்டிருக்கும், ஐவிரலி உருண்டை. அவசரத்தில் பறிப்பவர்கள் இரண்டையும் ஒரே கூடையில் போட்டுவிடுவார்கள். ஒரே வேலியில் இரண்டையும் ஏற்றவே கூடாது.

வேலியோரம் (புதுக்கோட்டை)
ஜூன் 30, மாலை 4.00

நியாயம். பிள்ளை இருப்பதை மறந்து எழுதிவிட்டேன். ஐவிரலி இந்த வீட்டுக்கு வேண்டாம்.

கொல்லிமலைக்காற்று (செம்மேடு)
ஜூன் 30, இரவு 7.45

எங்கள் பக்கம் வாலுளுவை உண்டு. காய் மஞ்சளாகப் பழுத்து மூன்றாக வெடிக்கும், உள்ளே ஆரஞ்சுச் சிவப்புத் தோல் போர்த்திய விதைகள். மஞ்சளும் சிவப்பும் சேர்ந்து மரத்தின் உச்சி முழுக்கத் தெரியும்போது கோயில் தோரணம் போல இருக்கும். ஆனால் அது பெரிய மரத்தைப் பிடித்து ஏறும் வன்கொடி. பன்னிரண்டடி வேலிக்கு ஆகாது. எண்ணெய்க்காக விதையை மொட்டையடித்துப் பறித்து வருகிறார்கள். காட்டிலிருந்து வேரோடு தோண்டிக் கொண்டுவர யாரும் நினைக்க வேண்டாம், காப்புக்காட்டில் அது குற்றம்.

மிளகுக்கொடியும் தையில் சிவந்து நிற்கும். மேற்கு வெயில் அதற்குப் பிடிக்காது.

போர்சலீன் பெர்ரி பற்றிப் படித்ததும் எனக்கு உண்ணிச்செடிதான் நினைவுக்கு வந்தது. அதுவும் 1800களின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுச் செடியாக வந்ததுதானே. இன்று முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் மான் மேய இடமில்லாமல் நிரம்பிக் கிடக்கிறது.

மாடித்தோட்டம் (அடையாறு)
ஜூலை 1, காலை 7.00

வேலியோரம் ஐயா கோவை பற்றி எழுதுவதற்கு முன் என் குறையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடமாக என் பால்கனியில் கோவைக்கொடி இருக்கிறது. வெள்ளைப் பூ மாலை கட்டும் அளவுக்குப் பூக்கிறது. ஒரு காய், ஒரே ஒரு காய்கூட இல்லை. மண்புழு உரம் போட்டேன், பஞ்சகவ்யம் தெளித்தேன், மோர்க்கரைசல் ஊற்றினேன். பூ இன்னும் கூடியதே தவிரக் காய் இல்லை. என்ன பிழை செய்கிறேன்?

வேலியோரம் (புதுக்கோட்டை)
ஜூலை 1, பகல் 12.20

பிழை உங்களிடம் இல்லை. உங்கள் கொடி ஆண்.

இதுதான் நான் சொன்ன சூட்சுமம். கோவையில் ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. பூசணி, பீர்க்கை போல ஒரே கொடியில் இரண்டு பூவும் வராது. ஆண்கொடிக்கு அமுதத்தையே ஊற்றினாலும் காய்க்காது.

கண்டுபிடிப்பது எளிது. ஒரு பூவைக் காம்போடு கிள்ளிக் கையில் வைத்துப் பாருங்கள். வெள்ளை இதழுக்குக் கீழே காம்பு நேராக மெலிந்து போனால் ஆண். அந்த இடத்தில் அவரைவிதை நீளத்தில் பச்சையாக, வெள்ளை வரியோடு ஒரு குட்டிக் கோவைக்காய் முன்கூட்டியே உட்கார்ந்திருந்தால் பெண். மகரந்தம் சேர்ந்தால் அது பெருக்கும், சேராவிட்டால் மஞ்சளாகி உதிரும்.

ஆகவே விதை போட்டு வளர்க்காதீர்கள். விதையில் பாதிக்குப் பாதி ஆணாக வரும், பூக்கும்வரை தெரியாது. காய்த்து நிற்கும் கொடியைக் கண்ணால் பார்த்து, அதிலிருந்து தண்டு வெட்டி வாருங்கள். பென்சில் பருமன், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக, நாலைந்து கணு இருக்க வேண்டும். இரண்டு கணு மண்ணுக்குள், மற்றவை வெளியே. தலைகீழாக ஊன்றிவிடாமல் இருக்க, வெட்டும்போதே அடிப்பக்கத்தைச் சாய்வாகவும் மேல்பக்கத்தை நேராகவும் வெட்டிக்கொள்வது என் பழக்கம். நிழலில் வைத்து மண் காயாமல் பார்த்துக்கொண்டால் இரண்டு வாரத்தில் துளிர் வரும். செம்மண் இரண்டு பங்கு, மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு. களிமண்ணாக இருந்தால் ஆற்றுமணல் கொஞ்சம். தண்ணீர் தேங்கினால் அடித்தண்டு அழுகிவிடும்.

வைகைக்கரை அம்மாவுக்கு: ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள், இன்னும் இரண்டு வாரத்தில் ஆடி பிறக்கிறது. இப்போதே தண்டு தேடுங்கள். கம்பிவேலி மேற்கு வெயிலில் சுடும், இளங்கொடியின் பற்றுக்கம்பிகள் அதில் கருகும். தேங்காய்நார்க் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிவிடுங்கள், அதைப் பிடித்துக்கொண்டு ஏறட்டும்.

பழுத்த கோவைப்பழத்தைப் பிள்ளை தின்றாலும் பயமில்லை, நாங்கள் தின்று வளர்ந்தவர்கள். கொவ்வைச் செவ்வாய் என்று நம் புலவர்கள் பாடிய சிவப்பு அது. அதைவிட்டுவிட்டு வேறு எங்கே போய்ச் சிவப்பைத் தேடுவது?

பனிநாட்டுத் தோட்டம் (நியூஜெர்சி)
ஜூலை 1, இரவு 10.15

ஐயா எழுதியதில் ஒரு சொல் சேர்க்க வேண்டும். நமக்கு வேலிச்செல்வமாக இருக்கும் இதே கோவை, ஹவாய்த் தீவுகளிலும் குவாமிலும் அழிக்க முடியாத களை. அங்கே அதைத் தின்னும் பூச்சிகள் இல்லாததால் மின்கம்பம், மரம், வீடு என்று எல்லாவற்றையும் மூடியது. ஆப்பிரிக்காவிலிருந்து அந்துப்பூச்சியும் வண்டும் கொண்டுபோய் விட்டுத்தான் அடக்கப் பார்த்தார்கள். எந்தக் கொடியையும் அதன் ஊரில் வைத்துத்தான் நல்லது கெட்டது சொல்ல வேண்டும். மதுரையில் கோவையை வளருங்கள். நான் இங்கே ஆசைப்பட மாட்டேன்.

மாடித்தோட்டம் (அடையாறு)
ஜூலை 2, காலை 6.30

இப்போதுதான் எட்டுப் பூக்களைக் கிள்ளிப் பார்த்தேன். எட்டும் ஆண். இரண்டு வருடம் உரக்கடைக்குப் போனதற்குப் பதில் ஒரு பூவைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கலாம். இன்றே வெட்டிவிடட்டுமா?

வேலியோரம் (புதுக்கோட்டை)
ஜூலை 2, காலை 7.15

கூடாது, கூடாது. பெண்கொடி ஒன்று கொண்டுவந்து பக்கத்தில் வையுங்கள். நாட்டுக் கோவைக்கு மகரந்தம் வேண்டும். சந்தைக்காக வளர்க்கும் சில வகைகள் ஆண் இல்லாமலும் காய் பிடிக்கும், ஆனால் அடையாறு அடுக்குமாடியில் நாலாவது மாடிக்கு எந்த ஆண்கொடியின் மகரந்தம் வரும்? உங்களிடம் இருப்பதுதான். அதற்குப் போட்ட உரம் வீண் போகவில்லை.

வைகைக்கரை (மதுரை)
அக்டோபர் 19, மாலை 6.20

மூன்றரை மாதம் கழித்து எழுதுகிறேன்.

முதலில் பசலை. ஆவணியிலேயே காய்த்துவிட்டது. ஐயா சொன்னதுபோலப் பூ விரியவே இல்லை. ஒரு காம்பில் அடியில் கருநீலம், நடுவில் பச்சை, நுனியில் இளஞ்சிவப்பு மொட்டு என்று மூன்று பருவமும் ஒன்றாக நிற்கின்றன. மகள் ஒரு கிண்ணத்தில் பழங்களை நசுக்கி, விரலால் தொட்டுக் காகிதத்தில் மயில் வரைந்தாள். நான்கு நாளில் மயில் வெளிறிப் பழுப்பாகிவிட்டது, அதற்காக ஒரு மணி நேரம் அழுதாள். இந்தச் சாயம் பீட்ரூட் சாயத்தின் இனமாமே, வெளிச்சத்தில் நிற்காதாம். இப்போது ஓவியத்தை நோட்டுக்குள் வைத்து மூடிவிடுகிறாள்.

கோவைத் தண்டை அழகர்கோவில் போகும் வழியில் ஒரு தோட்ட வேலியிலிருந்து, உரிமையாளரிடம் கேட்டு வெட்டி வந்தேன். பழம் தொங்குவதைப் பார்த்துத்தான் வெட்டினேன். மூன்று தண்டில் இரண்டு பிழைத்தன. செப்டம்பரில் பூத்தன. ஒன்றில் குட்டிக்காய் இருக்கிறது, மற்றொன்றில் இல்லை! அந்த வேலியில் இரண்டு கொடிகள் பின்னிக் கிடந்திருக்கின்றன, நான் கவனிக்கவில்லை. வேலியோரம் ஐயா எழுதியதைப் படித்திருந்ததால் ஆண்கொடியைப் பிடுங்கவில்லை. இரண்டும் வேலியின் இரண்டு முனையில் இருக்கின்றன.

இப்போது ஒரு சிக்கல். காய் பிடிக்கிறது, ஆனால் சில காய்கள் ஒரு பக்கம் கோணிக்கொண்டு, மெத்தென்று ஆகி விழுகின்றன. பிளந்து பார்த்தால் வெள்ளைப் புழு.

கொல்லிமலைக்காற்று (செம்மேடு)
அக்டோபர் 19, இரவு 8.00

பழ ஈ. பிஞ்சிலேயே தோலைக் குத்தி உள்ளே முட்டை வைத்துவிடும், அந்தக் குத்துதான் காயைக் கோணலாக்குகிறது. விழுந்த காயை அங்கேயே கிடக்க விடாதீர்கள், புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி மறுபடி ஈயாக வரும். பொறுக்கி, பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி இரண்டு நாள் வெயிலில் போடுங்கள். கொடியின் அடிமண்ணை வாரம் ஒருமுறை கொத்திவிடுங்கள், கோழி இருந்தால் அது மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது தண்ணீரில் கலக்க ஒரு துளி சோப்புக் கரைசல், மாலையில் தெளியுங்கள். காலையில் தேனீ வரும் நேரத்தில் வேண்டாம்.

மாடித்தோட்டம் (அடையாறு)
அக்டோபர் 20, காலை 7.40

எனக்கும் காய் வந்துவிட்டது. ஆகஸ்டில் பெண்தண்டு ஒன்றைச் செங்கல்பட்டிலிருந்து கொண்டுவந்தேன். முதல் காயை மாமியாரிடம் கொடுத்தேன். இரண்டு வருடம் என் பூவையே பார்த்துக்கொண்டிருந்தவர் அவர், அதைப் பொரியலுக்கு நறுக்க மனமில்லாமல் சாமி படத்தின் முன் வைத்துவிட்டார்.

வைகைக்கரை (மதுரை)
ஜனவரி 17, காலை 8.30

தைப்பொங்கல் வாழ்த்துகள். விழுந்த காய்களைப் பொறுக்கிக் கட்டிப் போட்டதில் புழு நன்றாகக் குறைந்துவிட்டது. சமையலுக்குப் பறித்தது போக, மேலே கை எட்டாத இடத்தில் இருபது காய்களைப் பழுக்கவென்றே விட்டேன்.

கோவைக்காயை நறுக்கும்போது வெளியே பச்சையாக இருந்தும் உள்ளே சிவந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கொடியிலும் அப்படித்தான் நடக்கிறது. பல நாள் பச்சையாகவே நின்ற காய், ஒரு காலையில் உள்ளே விளக்கு ஏற்றியதுபோல லேசாக ஆரஞ்சு காட்டியது. வெள்ளை வரிகள் மங்கின. மறுநாள் பாதி சிவப்பு. அதற்கு அடுத்த நாள் காம்பு முதல் நுனி வரை ஒரே செக்கச்சிவப்பு, விரலால் தொட்டால் தோல் அமுங்கியது. காலை வெயில் பின்னாலிருந்து அடிக்கும்போது உள்ளே விதைகள் நிழலாகத் தெரிந்தன.

பொங்கலன்று காலை கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்தால் வேலியின் மேல் இரண்டு கிளிகள். ஒன்று பழத்தைக் காலால் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து குடைந்து தின்றது. தின்று முடித்ததும் தோல் மட்டும் சிவப்புத் துணிக்கிழிசல் போலக் காம்பில் தொங்கியது. அதற்குள் எறும்பு வரிசை வந்துவிட்டது. மகள் சத்தம் போடாமல் என் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கிளி போன பிறகு, "எனக்கும் ஒன்று" என்றாள். கழுவிக் கொடுத்தேன். கடித்துப் பார்த்துவிட்டு, "கொஞ்சமாகத்தான் தித்திக்கிறது, கிளிக்கே கொடுத்துவிடலாம்" என்றாள்.

ஏழு பழங்கள் மிச்சம். தெருவில் வரும் கீரைக்காரம்மா நின்று, இந்தத் தண்டு ஒன்று கிடைக்குமா என்று கேட்டார். பெண்கொடியில் வெட்டிக் கொடுத்தேன். ஆண்தண்டும் வேண்டும் என்றேன், அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு பூவைக் கிள்ளி, இதழுக்குக் கீழே காட்டினேன். கூடையை இறக்கி வைத்துவிட்டு இரண்டு தண்டையும் ஈரத்துணியில் சுற்றி எடுத்துப் போனார்.

வேலியோரம் (புதுக்கோட்டை)
ஜனவரி 17, காலை 9.05

அந்த ஏழில் ஒன்றை நன்றாக அழுகும்வரை கொடியிலேயே விடுங்கள் அம்மா. குயிலும் வரும். மாசியில் காய்ப்பு ஓய்ந்ததும் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மேலே எல்லாவற்றையும் வெட்டிவிட்டு ஒரு கூடை தொழுவுரம் போடுங்கள். வெட்டிய தண்டுகளை எறிந்துவிடாதீர்கள், எனக்கு இரண்டு வேண்டும். அழகர்கோவில் பக்கத்துக் கோவை என்னிடம் இல்லை.